அறுபது சதவீதம் வெளியூர்

அமெரிக்காவின் டுலூத் துறைமுகத்து அலுவலகத்தில் ஏரியின் பனிவெளிச்சம் மேசைமேல் பாலாகப் பரவியிருக்கிறது. காற்றாலை பழுதுபார்க்கும் வேலைக்கான நேர்காணலுக்கு வந்திருக்கும் மரிட்டின் கோட்டுப் பையிலிருந்து குழந்தையின் கையுறை ஒன்று எட்டிப் பார்க்கிறது. எதிரே கேள்வி கேட்கும் லாயிட் அதைக் கவனித்து, சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். வேலை கேட்டு வந்தவரிடம் பிள்ளைகுட்டி பற்றிக் கேட்கக் கூடாது என்பது விதி. "வேலையில அறுபது சதவீதம் வெளியூர்தான். டகோட்டா, அயோவா. மோட்டல் காபில நாக்கு செத்துடும். பரவாயில்லையா?" "நாக்கு போனா போகட்டும் லாயிட்." சிரிக்கிறார்கள். வெளியே கப்பல் ஊதுகிறது. தூக்குப்பாலம் பதிலுக்கு ஊதி, கப்பலுக்கு வழிவிட மெல்ல மேலெழுகிறது. மரிட்டின் மனக்கண்ணில் மூடுபனிக்குள் காற்றாலையின் வெள்ளை இறக்கைகள் சுழல்கின்றன. இரண்டு வருடம் படித்தது அந்த உயரத்துக்காகத்தான். கூடவே, இனி வரப்போகும் எங்கோ ஒரு மோட்டல் அறையில், போனுக்குள், நான்கு வயது மகன் ஈவனின் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் வருகிறது. "வரேன். எங்க வேணாலும்" என்கிறாள் மரிட். லாயிட் கப்பலையே பார்க்கிறார். "எங்க வண்டிங்க எல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊர் திரும்பிடும். திங்கக்கிழமைதான் மறுபடி கிளம்பும்." "நான் கேக்கலையே." "கேக்கலதான்" என்கிறார், கப்பலிடம் சொல்வதுபோல.