பாணேருக்கு வந்த பார்ட்டி

கணவர் இறந்து ஒரு வருடம் ஆனதும், பூனாவில் பாணேர் பகுதியில் இருந்த ஃப்ளாட்டை விற்றுவிட்டுக் கோயமுத்தூருக்கே, மகள் வீட்டுப் பக்கமே போய்விடுவது என்று வேதநாயகி முடிவு செய்தாள். முடிவு செய்த நேரம்தான் சரியில்லை. அது 2008-ன் கடைசி. ஐடி கம்பெனிகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. பாணேரிலும் பக்கத்து வாகடிலும் புதுக் கட்டடங்கள் ஆள் இல்லாமல் நின்றன.

புரோக்கர் தங்கராஜ் பூனாவிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழர் வீடு விற்பனைக்கு என்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ‘நம்ம ஆளு’ என்ற ஒரே தகுதி எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது.

“நாப்பது லட்சம் வந்தா குடுத்தரலாமுங்க தம்பி,” என்றாள் வேதநாயகி. “ஆனா யாரு என்ன விலைக்குக் கேட்டாலும் எங்கிட்ட அப்படியே சொல்லீரோணும். நான் கேக்கறது அது ஒண்ணுதான்.”

“நான் உங்க பக்கம்மா. டென்ஷனே வேணாம்,” என்றான் தங்கராஜ்.

அவன் கூட்டிவந்த முதல் பார்ட்டி, சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு இருபத்தெட்டு என்றது. இரண்டாவது பார்ட்டி, சமையலறை தப்பான மூலையில் இருப்பதாக வருத்தப்பட்டு இருபத்தாறில் நின்றது.

“ரொம்ப மந்தம்மா. மார்க்கெட் படுத்துடுச்சு. இதுவும் போனா அப்புறம் கேக்க ஆள் இருக்காது,” என்று தங்கராஜ் உச்சுக்கொட்டினான்.

அந்த இரண்டாவது பார்ட்டி கீழே போய், தங்கராஜின் பைக்கிலேயே பின்னால் ஏறிக்கொண்டதை வேதநாயகி பால்கனியிலிருந்து பார்த்தாள். பார்த்து என்ன செய்வது? தனி மனுஷி. உள்ளே வந்து அரிசி களைய ஆரம்பித்தாள்.

அடுத்த வாரம் தங்கராஜின் ஆபீஸ் முன்னால் ஒரு பெரிய கார் வந்து நின்றது. இறங்கியவனுக்கு முப்பது வயதிருக்கும். பெயர் கோகுல்நாத், அமெரிக்காவில் வேலை என்று அறிமுகப்படுத்திக்கொண்டான். அப்பாவையும் அம்மாவையும் பூனாவில் குடிவைக்க வேண்டுமாம். அப்பாவின் சிநேகிதர் ஒருவர் வேதநாயகி இருக்கும் பில்டிங்கில் இருக்கிறாராம். அதனால் அந்த பில்டிங்கை விட்டால் அப்பா வேறு எங்கேயும் வரமாட்டாராம்.

“அந்த ஃப்ளாட்டுக்கு ஐம்பத்தஞ்சு வரைக்கும் தரேன் சார். ஆனா மார்ச்லதான் திரும்பி வருவேன். ஓனர் அம்மாகிட்ட நானே ஒரு வார்த்தை பேசிடட்டுமா?”

தங்கராஜ் பதறிப்போனான். “வேணாம் சார். அந்தம்மா ஒரு மாதிரி. நேர்ல போனா இன்னும் ஏத்திடும். நான் முடிச்சு வெக்கறேன்.”

“சரி, அட்வான்ஸாவது குடுத்துட்டுப் போறேன். அவங்க கையெழுத்துல ஒரு ரசீது வாங்கிக் குடுங்க.”

“நமக்குள்ள எதுக்கு சார் அட்வான்ஸ்? உங்க வார்த்தையே பக்கா.”

“வயசானவங்க. அவங்களுக்கு நஷ்டம் வராம பாத்துக்கங்க,” என்று சொல்லி, செல் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனான் கோகுல்நாத்.

அன்றைக்கே தங்கராஜ் வேதநாயகியின் வீட்டில் வந்து உட்கார்ந்தான்.

“உங்க கஷ்டம் பாக்க முடியலம்மா. என் மச்சானையே வாங்கிக்கச் சொல்லிட்டேன். முப்பத்திரண்டு.”

“அப்ப வேண்டாமுங்க தம்பி. பேப்பர்ல ஒரு விளம்பரம் குடுத்துப் பாக்கறேன்,” என்றாள் அவள்.

பேப்பரை அமெரிக்காக்காரன் பார்த்துவிட்டால்? தங்கராஜ் உடனே முப்பத்தைந்து என்றான். அவள் பேப்பரை எடுத்து விளம்பரப் பக்கத்தைப் புரட்டினாள். காபி ஆறுவதற்குள் நாற்பதுக்கு ஏறிவிட்டான். கமிஷனும் வேண்டாம் என்றான்.

மச்சான் பேரில் பாங்க் லோன், மனைவியின் நகை, இரண்டு சேட்களிடம் கைமாற்று என்று பணம் சேர்ந்தது. ரெஜிஸ்டர் ஆபீசில் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு வேதநாயகி கேட்டாள்.

“வேற யாருமே கேக்கலீங்களா தம்பி? நெசமாத்தானுங்களா?”

“ஒரு ஈ காக்காகூட எட்டிப் பாக்கலம்மா.”

அவள் அவனை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

மார்ச் வந்தது. கோகுல்நாத்தின் நம்பரை அழைத்தால், அப்படி ஒரு எண்ணே உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் மராத்தியிலும் இந்தியிலும் மாறி மாறிச் சொன்னது. அந்த பில்டிங்கில் கதவு கதவாகத் தட்டியும் அப்பாவின் சிநேகிதர் அகப்படவில்லை. லோன் தவணைக்காக மச்சான் தினமும் வந்து வாசலில் நின்றான். இருபத்தெட்டுக்கு மேல் ஃப்ளாட்டைக் கேட்க யாரும் இல்லை. சுவரைத் தட்டத் தேவையே இல்லாமல் அதைத்தான் எல்லோரும் சொன்னார்கள்.

ஒரு நாள் போலீஸ் ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போனான் தங்கராஜ். உள்ளே போய் என்னவென்று எழுதிக் கொடுப்பது? ஓனரிடம் மறைத்த விலை தனக்குக் கிடைக்கவில்லை என்றா? எதிரே இருந்த கடையில் ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினான்.

அதே நேரம் கோயமுத்தூரில், மகள் வீட்டுச் சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள் வேதநாயகி.

“அந்தத் தம்பி நீங்க சொன்ன விலையை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நல்ல மனுஷன்னு ரெட்டைக் கமிஷன் குடுத்து வேற ஆளுக்கே வித்திருப்பனுங்க மாப்பிள்ளை,” என்றபடி, இதுவரை விமானமே ஏறியிராத கோகுல்நாத்தின் தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள்.