குளிர்த் திரை

"மச்சான், மிசின் நின்னுருச்சு!"

மனைவியின் தம்பி நவாஸ் காதோரமாக வந்து சொன்னதும் உமர் பாருக் அவனை ஓரமாக இழுத்தார். குளிர்பதனக் கிடங்கின் நடுவில், கூரையிலிருந்து தரைவரை தொங்கிய கனத்த திரையின் முன்னால் வைகுண்டராஜ் நின்றிருந்தார். மதுரைப் பழக் கம்பெனியின் அதிகாரி. வந்த மனிதர் இன்னும் ஒரு வாய் டீகூடக் குடிக்கவில்லை.

"மெதுவாப் பேசு மாப்ள. என்னாச்சு?"

"லைட்டு எரியுது, பேன் சுத்துது. கூலிங் மிசின் மட்டும் படுத்திருச்சு. த்ரீ பேஸைப் புடுங்கிட்டாக போல."

மின்சாரத்தை முறை வைத்து நிறுத்திக்கொண்டிருந்த 2008ஆம் ஆண்டு அது. விளக்குக்கு மின்சாரம் இருக்கும். பெரிய மோட்டார்களுக்கான மும்முனை மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். அதனால் மிசின் நின்றால் கம்பம் ஊரில் யாரும் காரணம் தேடிக்கொண்டு போவதில்லை. "போயிருச்சா?" என்று கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

"ஜெனரேட்டரைப் போட வேண்டியதுதான?"

நவாஸ் தலையைச் சொறிந்தான். "உத்தமபாளையத்துல பெரியம்மா வீட்டுக் கல்யாணத்துக்குக் கேட்டாக. சொந்தத்துல எப்படி மச்சான் இல்லைங்கிறது? நேத்தே குடுத்துவிட்டேன்."

உமருக்கு அவனை அங்கேயே நாலு சாத்துச் சாத்தலாம் போலிருந்தது. அதற்கும் அது நேரமில்லை.

காமயகவுண்டன்பட்டியில் இருந்த திராட்சைத் தோட்டத்தை விற்று உமர் கட்டிய கிடங்கு இது. நடுவில் சுவர் எழுப்பாமல் திரை போட்டதைப் பார்த்து ஊரே சிரித்தது. 'துணியைத் தொங்கவிட்டுக் குளிரைக் கட்டப் போறாராம்' என்று கடைவீதியில் ஒரே கேலி. வைகுண்டராஜ் தலையாட்டினால் கம்பெனியின் திராட்சை முழுக்க இங்கே வந்து இறங்கும், கிடங்கு பிழைக்கும். இல்லாவிட்டால் இதைப் பூட்டிவிட்டு, விற்ற தோட்டத்துக்கே கூலி ஆளாகப் போக வேண்டியதுதான்.

"இதுக்குள்ள என்ன பாய் இருக்கு?" வைகுண்டராஜ் திரையைக் கிள்ளிப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் தார்ப்பாய், நடுவுல நுரை சார். மெத்தை தைக்கிற மாதிரி தச்சிருக்கு. இங்கன வாழை, அங்கன திராட்சை. திராட்சைக்கு வைக்கிற குளிரு வாழைக்கு ஆகாது, தோலு கறுத்துப் போகும். திராட்சை நெறைய வந்தா திரையை இங்கிட்டுத் தள்ளிக்கலாம், வாழை வந்தா அங்கிட்டு. சுவரைத் தள்ள முடியுமா, சொல்லுங்க?"

வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்த பேச்சுதான். இன்று ஒரே மூச்சில் ஒப்பித்து முடித்தார்.

வைகுண்டராஜ் குனிந்து, திரையின் அடி தரையோடு படிந்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார். உள்ளே போய்த் திராட்சைப் பெட்டிகளுக்கு நடுவில் தன் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு வந்து, திரையை இழுத்து மூடினார்.

"மிசின் ஓடுதுல்ல?"

வாழைப் பக்கத்து மின்விசிறி போட்ட இரைச்சலில், பின்பக்கம் மிசின் சத்தம் இல்லாதது தெரியவில்லை. உமர் அதற்காக அல்லாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டார்.

"ஜம்முனு ஓடுது சார்."

"அப்ப ஒரு சேர் போடுங்க. மத்தியானம் வரைக்கும் உக்காந்து பாத்துட்டுப் போறேன்."

டீ வந்தது, வடை வந்தது. வைகுண்டராஜ் திரைக்கு முன்னால் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். வெளியே வெயில் தகரக் கூரையை வறுத்துக்கொண்டிருந்தது. உள்ளே ஒவ்வொரு பழமாகத் துவண்டு விழுவது போலவே உமருக்குத் தோன்றியது. நவாஸ் வாசலுக்கும் திரைக்குமாக நடந்து நடந்து, "இன்னும் வரல மச்சான்" என்று உதட்டை மட்டும் அசைத்தான்.

திடீரென்று வைகுண்டராஜ் எழுந்தார். "பின்னாடி போயி மிசினை ஒரு பார்வை பாத்துரலாமா?"

"வேணாம் சார்!" உமர் ஏறக்குறைய அவரை மறித்தே விட்டார். "அங்கன ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. வெள்ளைச் சட்டை வீணாப் போயிரும்."

அவர் உமரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஓடிக்கிட்டுத்தான இருக்கு?"

"நம்ம மிசின் நிக்கிற பேச்சே கிடையாது சார். நீங்க இன்னொரு டீ குடிங்க."

சந்தையில் விலை பேசும்போது சொல்லாத பொய்யா? ஆனாலும் இதைச் சொல்லி முடிப்பதற்குள் உமருக்கு வேர்த்துவிட்டது. வேறு வழியும் தெரியவில்லை. கரண்ட் போனால் எங்கள் பழம் என்னாகும் என்பதுதான் கம்பெனி அவரிடம் முதன்முதலில் கேட்ட கேள்வி.

மத்தியானம் வைகுண்டராஜ் திரையை விலக்கி உள்ளே போனார். வெளியே மச்சானும் மாப்பிள்ளையும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நவாஸ் வாய்க்குள் ஏதோ ஓதினான்.

திரும்பி வந்தவர் கையில் தெர்மாமீட்டரும் ஒரு திராட்சைக் கொத்தும் இருந்தன. ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டார். மொறுக்கென்றது.

"குளிரு அப்படியே நிக்கிது. வாழைப் பக்கமும் ஒரு காய் கறுக்கல. சும்மா சொல்லக் கூடாது பாய், இப்படி ஒரு திரையை நான் எங்கயும் பாத்ததில்ல."

உமருக்கு அழுகையே வந்துவிட்டது. சிரித்த கடைவீதி முழுக்க அவர் கண்முன்னால் வந்து போனது. கைலி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"அப்ப எப்ப சார் பழத்தை அனுப்புறீக?"

வைகுண்டராஜ் தெர்மாமீட்டரைப் பைக்குள் வைத்து மூடினார்.

"கரண்ட் இல்லாம இந்தத் திரை தாங்குமான்னு பாக்கத்தான், உள்ள வர்றதுக்கு முன்னாடியே பின்பக்கம் போயி மிசினோட மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுட்டு வந்தேன். உங்க திரையை நம்பலாம் பாய். உங்களை நம்பி எப்படிப் பழத்தை வைக்கிறது?"