உறை கழற்றாத தேக்கு பெஞ்ச்

தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்தே தேக்கு பெஞ்ச் தன் பாலிதீன் உறையைக் கழற்ற விடவில்லை. வீட்டுக்காரர்களும் அதன் விலையை நினைத்து அப்படியே விட்டார்கள்.

பக்கத்து வேப்பமர ஸ்டூலோ மழையில் நனைந்தது, வெயிலில் காய்ந்தது, வருஷத்துக்கு ஒருமுறை எண்ணெய் பூசிக்கொண்டது.

"உன்னைப் பார்த்தாலே பாவமா இருக்குடா. மேலெல்லாம் கீறல்," என்றது பெஞ்ச்.

"தினமும் உட்கார்றாங்கண்ணே. உங்களுக்கு உள்ளே வேர்க்கலையா?"

"அது குளிர்ச்சி," என்றது பெஞ்ச். குளிர்ச்சி என்றே அது நம்பவும் செய்தது.

பத்தாவது மழைக்காலம் முடிந்ததும், வீட்டில் நிச்சயதார்த்தம் என்று உறையைப் பிரித்தார்கள். பெஞ்சின் காலிடுக்கில் காளான் முளைத்திருந்தது. பலகை தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

குப்பை வண்டியில் ஏற்றும்போது பெஞ்ச் ஸ்டூலைத் திரும்பிப் பார்த்தது.

"பாத்துக்கடா, ஒரு கீறல் இல்லை."