ஒயரை இழந்த மோட்டார்

மரத்தில் உருவம் செதுக்கும் மெஷின் ஒன்றில் மூன்று மோட்டார்கள் குடியிருந்தன. மூத்தது உளியை இடம் வலமாக நகர்த்தும். நடு மோட்டார் முன்னும் பின்னும். இளையது மேலும் கீழும். மூன்றும் சேர்ந்து செதுக்கிய குதிரைக்கெல்லாம் ஒரு பக்கம்தான். மறுபக்கம் வெறும் பலகை.

ஒருநாள் மெஷின்காரர் தேவசகாயம் புது மோட்டார் ஒன்றை மாட்டினார். மரத்தைக் கவ்விச் சுற்றுவது மட்டுமே அதன் வேலை. நாலாவது ஒயர் மெஷினில் இல்லை. நடு மோட்டாரின் ஒயரைப் பிடுங்கிப் புதியதற்குச் செருகினார். உளி மரத்தின் நட்டநடுவில் நிற்கும்படி நடு மோட்டாரை அப்படியே நிறுத்திவிட்டார்.

“வந்ததும் வராததுமா என் பிழைப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே!” என்று நடு மோட்டார் புதியதைப் பார்த்துச் சீறியது.

“கோவிச்சுக்காதீங்கண்ணே. எனக்குச் சுத்த மட்டும்தான் தெரியும். நீங்க நடுவைவிட்டு நகர்ந்தா நான் சுத்துறதெல்லாம் வீண்.”

‘அப்படியா சேதி! ஒரு மயிரிழை நகர்ந்து காட்டுகிறேன்’ என்று கறுவியது நடு மோட்டார்.

மரம் சுழன்றது. உளிக்கடியில் ஒரு கண் வந்தது. பிடரி வந்தது. இன்னும் கொஞ்சம் திரும்பியதும், அட, அந்தப் பக்கத்துக் கண்! இத்தனை காலம் செதுக்கியும் நடு மோட்டார் குதிரையின் மறு கண்ணைக் கண்டதில்லை. உளி அதிர அதிர, பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றது.

வேலை முடிந்ததும் தேவசகாயம் ஒயரைப் பழையபடி நடு மோட்டாருக்கே மாற்றக் கை நீட்டினார்.

“தம்பி, ஒயரைக் கெட்டியாப் பிடிச்சுக்க, விட்டுடாதே!” என்று பதறியது நடு மோட்டார். “அடுத்து செதுக்கப்போற யானைக்கு அந்தப் பக்கம் எப்படி இருக்கும்னு நான் பார்த்தாகணும்!”