சரிப்பட்டு வராத பூனைகள்

"உங்களுக்கு இனிமே பூனை கிடையாது சார்."

பிரசிடெண்ட் இப்படி முகத்தில் அடித்த மாதிரி சொன்னதும் பி.டி. மாஸ்டர் கூண்டுக்குள் இருந்த கரிச்சட்டி என்ற பூனையையே பார்த்துக்கொண்டு நின்றார். கரிச்சட்டி அவரைப் பார்த்துச் சீறியது. அதற்கு யாரைப் பார்த்தாலும் சீற்றம்தான்.

அந்தத் தெருப்பூனைக் காப்பகத்துக்கு அந்த அம்மாள்தான் எல்லாம். கூண்டு கழுவுவதிலிருந்து கண்ணுக்கு மருந்து விடுவதுவரை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வார். யாரும் ஓட்டுப் போடாமலேயே 'பிரசிடெண்ட்' என்று பெயர் வாங்கியவர். பூனை என்றால் உயிரை விடுவார். மனுஷர்களிடம்தான் கொஞ்சம் கறார்.

மாஸ்டர் மேல் அவருக்கு இருந்தது லேசுப்பட்ட கோபம் இல்லை. மனுஷன் வருவார். யாரும் சீண்டாத பூனையாகப் பார்த்துத் தத்தெடுப்பார். வாசலில் நிற்க வைத்துப் படம் எடுத்தால் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி மூஞ்சியை வைத்துக்கொள்வார். கொஞ்ச நாளில் அதே கூடையோடு திரும்பி வந்து நிற்பார்.

"சரிப்பட்டு வரல மேடம்."

அவ்வளவுதான். கூடையை வைத்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடையைக் கட்டிவிடுவார். முதலில் மிளகாய், அப்புறம் சண்டிராணி, கடைசியாக முறைப்பான். என்ன ஜென்மம் இது என்று பிரசிடெண்ட் வீட்டில் போய்ப் பொரிந்து தள்ளுவார். பூனைப் பேச்சு என்றாலே காதில் பஞ்சு வைத்துக்கொள்ளும் அவர் கணவர்கூட, "அநியாயமா இருக்கே" என்றார் என்றால் பாருங்கள்.

நல்லவேளை, திரும்பி வந்த பூனைகளை உடனே யாராவது கொத்திக்கொண்டு போனார்கள். எல்லாம் தான் எடுத்துப் போடும் படங்களின் மகிமை என்று பிரசிடெண்டுக்கு உள்ளூர ஒரு பெருமை.

இப்போது கரிச்சட்டி. பஸ் ஸ்டாண்டில் அடிபட்டுக் கிடந்தது. கால் கொஞ்சம் நொண்டல். கிட்டே போனால் பிறாண்டல். யாரும் எடுக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டிலேயே கொண்டுபோய் விடுவதாக முடிவாகியிருந்தது. புதிதாக வந்த குட்டிகளுக்குக் கூண்டு வேண்டுமே. நொண்டிக் காலோடு அது எப்படிப் பிழைக்கும் என்று பிரசிடெண்டுக்கு ஒரே கவலை. அதற்காக இந்த ஆளிடமா கொடுப்பது?

"எடுத்துட்டுப் போய்ப் படிச்சிட்டுத் திருப்பிக் குடுக்க, இது என்ன லைப்ரரி புஸ்தகமா சார்?"

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஓர் இளஞ்ஜோடி கூடையோடு உள்ளே வந்தது. முறைப்பானைத் தத்தெடுத்தவர்கள். தடுப்பூசி போட வந்திருந்தார்கள். எப்படி இருக்கிறான் என்று பிரசிடெண்ட் கேட்டதுதான் தாமதம், அந்தப் பெண் ஆரம்பித்துவிட்டாள்.

குக்கர் விசில் அடித்தால் போதுமாம். எந்த மூலையில் இருந்தாலும் ஓடி வந்து மடியில் ஏறிவிடுகிறானாம். இறக்கிவிட்டால் மறுபடி ஏறுகிறானாம். எழுந்துபோய் அடுப்பை அணைக்க முடியாமல் சாதம் அடிபிடித்ததுதான் மிச்சமாம். இப்போதெல்லாம் அவள் உட்கார்ந்து மடி கொடுக்க, புருஷன்தான் சமையலாம். புருஷன் பரிதாபமாகத் தலையாட்டினான்.

பிரசிடெண்ட் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

சண்டிராணி போன வீட்டிலும் இதே கதையைத்தான் சொன்னார்கள். மிளகாய் வீட்டிலும் ஏதோ குக்கர் என்றார்கள். அப்போது பூனை என்றால் அப்படித்தான் என்று சமாளித்து அனுப்பியிருந்தார்.

மெல்லத் திரும்பி மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் கழுத்தில் தொங்கிய விசிலை அவசர அவசரமாகச் சட்டைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குள் கூடை மூடியைத் தள்ளிக்கொண்டு முறைப்பான் வெளியே குதித்தான். நேராக மாஸ்டரின் காலைச் சுற்றி வந்தான். பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறப் பார்த்தான்.

"டேய், போடா. உங்க வீட்டுக்குப் போ" என்றார் மாஸ்டர். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

விசிலை வைத்து என்ன செய்தீர்கள் என்று பிரசிடெண்ட் கேட்டார். மாஸ்டர் மென்று விழுங்கிச் சொன்னார். பூனைக்குச் சாப்பாடு வைக்கும்போது மெதுவாக ஒரு விசில். அப்புறம் தள்ளிப் போய்த் தரையில் உட்கார்ந்துகொள்வார். நாளாக ஆக அதுவே கிட்டே வரும். என்றைக்கு மடியில் வந்து தூங்குகிறதோ, மறுநாளே கூடையில் வைத்துக் கொண்டு வந்துவிடுவார்.

"அவ்வளவு பழகினப்புறம் ஏன் சார் திருப்பிக் குடுத்தீங்க?"

"ஒரே ஒரு ரூம்தான் மேடம் என் வீடு. பழகினத யார் வேணா கூட்டிட்டுப் போவாங்க. பழகாதது இங்கயே கிடக்கும். ஒண்ண நானே வச்சுக்கிட்டா அடுத்தத எங்க வைக்கிறது?"

பிரசிடெண்டுக்குக் கண் கலங்கிவிட்டது. தாமே கரிச்சட்டியின் கூண்டைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார்.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா உங்களத் தொண்டராவே சேர்த்திருப்பேனே சார்."

மாஸ்டர் கூண்டின் மேல் துண்டைப் போர்த்திக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"முதல் தடவை அதுக்குத்தான் மேடம் வந்தேன். தொண்டர்னா பூனைய தினம் வீடியோ எடுத்து குரூப்புல போடணும்னீங்க. பயந்து ஒளியுறத அப்படி எடுக்க என்னால முடியாதுன்னேன். பூனை மேல அக்கறை இல்லாதவங்க தொண்டரா வேண்டாம்னு நீங்கதான் அனுப்பி வச்சீங்க."