முன்னால் ஒரு பூஜ்ஜியம்

"கையெழுத்தைப் போடும்மா! மருந்து அடிக்கிறவங்க முகமூடி மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க."

மேலாளர் மேசையைத் தட்டினார். எதிரே தானியக் குடோனின் கதவு இடுக்குகளில் எல்லாம் டேப் ஒட்டியாகிவிட்டது. பூச்சிகளைக் கொல்லும் விஷப்புகை. உள்ளே ஆள் மாட்டினால் அவ்வளவுதான், பிழைக்க வழியே இல்லை. எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள் என்று கம்ப்யூட்டர் ஆபரேட்டர் கையெழுத்துப் போட்டால்தான் புகையைத் திறப்பார்கள்.

ஆபரேட்டர் பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், குடோன் கேட்ல கார்டு தேய்ச்சவங்களோட இந்த எக்செல் ஷீட்டை யார் தொட்டது?"

"நான்தான். நம்பருக்கு முன்னாடி கண்ணுக்குத் தெரியாத ஸ்பேஸ் ஒட்டிக்கிட்டு வந்துச்சு. உள்ள போனதும் வெளிய வந்ததும் பொருந்தவே இல்ல. சுத்தம் பண்ணிட்டேன். இப்ப பாரு, எல்லாரும் வெளிய வந்தாச்சு!"

"நல்லா சுத்தம் பண்ணீங்க போங்க! ஸ்பேஸோட பூஜ்ஜியமும் போயிடுச்சு. 72ன்னா மூட்டை தூக்குறவர் கார்டு, 072ன்னா ஆபீஸ் கார்டு. ரெண்டும் இப்ப ஒண்ணாயிடுச்சு. ஒருத்தர் வெளிய வந்தாலே ரெண்டு பேரும் வந்த மாதிரி காட்டுது சார்."

மேலாளரின் கைபேசி அலறியது. "வீட்லேர்ந்து. இவளுக்கு வேற வேலையே இல்ல" என்று துண்டித்தார். "வாட்ச்மேன் குரல் குடுத்துப் பார்த்துட்டான். உள்ள ஒருத்தரும் இல்ல. போடும்மா!"

"மூட்டை அடுக்குக்குப் பின்னாடி இருந்தா கத்தினாலும் கேக்காது சார். போனும் எடுக்காது. கொஞ்சம் பொறுங்க."

கேட் ரிப்போர்ட்டைப் புதிதாக எடுத்தாள். முன்னால் உள்ள பூஜ்ஜியம் உதிராதபடி, நம்பர்களை எண்ணாக மாற்றாமல் எழுத்தாகவே வைத்துத் திறந்தாள். அவசரத்தில் தப்புத் தப்பாக அழுத்தினாள். கீழே விசில் ஊதினார்கள். கைபேசி மறுபடி அலறியது. மேலாளர் மறுபடி துண்டித்தார்.

072 உள்ளே போயிருந்தது. வெளியே வரவில்லை.

"ஐயோ சார், ஆள் உள்ள இருக்கு!"

மேலாளருக்கு முகம் வெளுத்துவிட்டது. திரையை எட்டிப் பார்த்தார். அடுத்த நொடியே விழுந்து விழுந்து சிரித்தார்.

"அட போம்மா, எனக்கு உயிரே போயிடுச்சு! 072 என் கார்டு. நான்தான் இங்க குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேனே!"

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாடா! பேனாவைத் திறந்தாள். முதல் எழுத்திலேயே கை நின்றுவிட்டது.

"சார், நீங்க இன்னிக்கு குடோன் பக்கமே போகலையே. உங்க கார்டு எங்க?"

மேலாளரின் கை கழுத்துக்குப் போனது. கார்டு இல்லை. கைபேசி மூன்றாவது முறை அலறியது. இந்த முறை உடனே எடுத்தார்.

"ஏங்க, எத்தனை தடவை கூப்பிடுறது! அப்பா கார்டை எடுத்துக்கிட்டேன், குடோனை போட்டோ எடுக்கப் போறேன்னு மத்தியானம் போன் பண்ணா நம்ம பொண்ணு. இன்னும் வீடு வந்து சேரலீங்க!"