கூடவே வந்த சத்தம்

"மனுஷன் போய் ஒரு மாசம்கூட ஆகலை. அதுக்குள்ள படகை இழுத்துட்டுப் போக வந்து நிக்கிறான் பாரு, மச்சான்காரன்."

எதிர்வீட்டு மாடியில் யாரோ சொன்னது தம்பிக்காரன் காதில் நன்றாகவே விழுந்தது. அவன் தலை நிமிரவில்லை.

அக்கா வீட்டுப் படியை அவன் மிதித்தே பல வருஷம். மாமாவின் சாவுக்கு வந்தவன்கூட வாசலோடு நின்றுவிட்டுப் போனான்.

"உனக்குத்தான்னு அவர் சொல்லிட்டுப் போயிருக்கார்டா," என்றாள் அக்கா. "எல்லாம் கட்டி மூடி வெச்சிருக்கு. எதையும் கலைக்காம அப்படியே மாட்டிட்டுப் போ."

வேண்டாம் என்று சொல்லத்தான் அவனுக்கு ஆசை. ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே.

இரண்டு பேர் உட்கார்ந்து மீன் பிடிக்கிற அளவுக்குச் சின்னப் படகு. பின்பக்கம் மோட்டார், மேலே தார்ப்பாய். அதைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் ட்ரெய்லரை வண்டியில் மாட்டிக் கிளம்பினான். எதையும் குனிந்து பார்க்கிற பழக்கம் அவனுக்கு எப்போதும் கிடையாது.

ஊர் தாண்டியதும் ஏரிக்கரை ரோடு. உச்சி வெயில். ஈ காக்கை இல்லை.

டொக்.

ஏதோ கல் என்று நினைத்தான்.

டொக்... டொக்.

ஒரு ஊன்றல், கொஞ்சம் இழுவை, மறுபடி ஊன்றல். மாமா ஊன்றுகோலோடு நடக்கிற அதே சத்தம். அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் இத்தனை வருஷம் அக்கா வீட்டுப் பக்கமே அவன் தலைவைத்துப் படுக்கவில்லை.

வேகத்தைக் கூட்டினான். சத்தமும் விரைந்து பின்னால் வந்தது. குறைத்தான். அதுவும் நிதானமாக நடந்து வந்தது. வண்டியை நிறுத்தினால், நின்றது.

ரேடியோவை அலறவிட்டுப் பார்த்தான். பாட்டுக்கு நடுவிலும் டொக், டொக்.

கண்ணாடியைப் பார்த்தான். தார்ப்பாய்க்குள் யாரோ குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பது போல ஒரு புடைப்பு. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அது மெல்லத் தலையாட்டியது.

"தெரியாம பண்ணிட்டேன் மாமா," என்றது அவன் வாய்.

தெரியாமல் பண்ணியதல்ல. அது அவனுக்கே தெரியும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், இதே ரோடு, இதே படகு. கிளம்பும்போது மாமா கேட்டார்:

"மோட்டாருக்கு முட்டு கொடுத்தியாடா? வெறும் கொக்கி இந்த ரோட்டுக்குத் தாங்காது."

"கொடுத்தாச்சு மாமா."

கொடுக்கவில்லை. தூக்கி நிறுத்திய மோட்டாரைக் கீழிருந்து தாங்க வேண்டிய முட்டுக்கட்டை வண்டி சீட்டுக்கு அடியில் சும்மா கிடந்தது. குனிந்து கட்டச் சோம்பல்.

பாதி வழியில் தார்ப்பாய் பறக்கிறதென்று மாமா இறங்கினார். கீழே முட்டு இருக்கிற தைரியத்தில், ட்ரெய்லரின் பின்கம்பியில் ஒரு காலை வைத்து ஏறிக் கயிற்றை இறுக்கினார். கொக்கி விட்டது. நாற்பது கிலோ மோட்டார் அந்தக் கால்மேல் இறங்கியது. காலை எடுக்கும்படி ஆகிவிட்டது.

"கொக்கி விட்டுடுச்சு." ஆஸ்பத்திரியில் அவன் சொன்னது அவ்வளவுதான். முட்டுக்கட்டை பற்றி மூச்சு விடவில்லை. மாமாவும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்குத் தெரியாது, தெரியவே தெரியாது என்று சொல்லிச் சொல்லித்தான் இத்தனை நாளும் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தான்.

டொக். டொக்.

இதற்கு மேல் முடியாது. ஓரம்கட்டி இறங்கினான். கண்ணை மூடிக்கொண்டு தார்ப்பாயைத் தூக்கினான்.

மாமாவின் ஊன்றுகோல் அங்கே இருந்தது.

அக்குளில் இடுக்கிக்கொள்கிற மேல்பக்கத்தில் துணி சுற்றி, அந்த வளைவில் மோட்டாரைப் பதமாக உட்கார்த்தியிருந்தது. அடிப்பக்கம் பின்கம்பிமேல் நின்றது. சைக்கிள் டியூப் போட்டு வரிந்து கட்டியிருந்தது. அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்து போய், குலுங்கும்போதெல்லாம் கட்டை இரும்பில் இடித்திருக்கிறது.

அப்பாடா என்று மூச்சு வந்தது. வந்த மூச்சு பாதியில் நின்றது. யார் கட்டியது? எதையும் கலைக்காதே என்று அக்கா எதற்குச் சொன்னாள்?

போன் போட்டான்.

"அக்கா, மாமாவோட ஊன்றுகோலை எதுக்கு இங்க கட்டி வெச்சிருக்க? எனக்குக் காட்டவா?" குரல் அவன் பேச்சைக் கேட்கவில்லை. "உனக்கு எல்லாம் தெரியும்தானே?"

"என்னடா தெரியும்? அது நான் கட்டினதில்ல, அவர் கட்டினது. படுக்கையில விழறதுக்கு முந்தின நாள், தரையில உட்கார்ந்து மத்தியானம் முழுக்கக் கட்டினார். இனிமே நடக்கப்போறது இல்ல, எனக்கு எதுக்கு இது, அவனுக்கு ஆகும்னார்."

தம்பிக்காரன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"வேற... வேற ஏதாவது சொன்னாரா?"

"வேற என்ன, எப்பவும் சொல்றதுதான். 'முட்டு கொடுக்க நான் மறந்தேன், என் கால் போச்சு. என்னை மாதிரி அவனும் மறந்துடக் கூடாது'ன்னார்." அக்கா மூக்கை உறிஞ்சினாள். "அந்த ஒரு மறதிக்காகப் பதினோரு வருஷம் நான் அவரைத் திட்டாத நாள் இல்லடா. ஒரு நாள், ஒரு வார்த்தை, எதிர்த்துப் பேசினதில்ல மனுஷன்."